கோயில் முகம் திருப்பிய வருடம்

குருத்து ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை காலையில், வலேனி ஊரின் பெரிய கோயிலைத் திறப்பதற்காகச் சவரிராயன் முழங்கை நீளச் சாவியோடு சதுக்கத்துக்குப் போனபோது, கோயில் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. ஆறு தூண்களும், அவற்றின் மேல் முக்கோணமாகக் கவிந்த கல் நெற்றியும், பதினோரு படிகளும் இருக்க வேண்டிய இடத்தில் வளைந்த மொட்டைச் சுவர் ஒன்றும், மழைநீர்க் குழாய் ஒன்றும், புறா எச்சம் வழிந்து காய்ந்த சின்ன இரும்புக் கதவு ஒன்றும் இருந்தன. நேற்று மாலைவரை அவையெல்லாம் கோயிலின் பின்புறத்தில், சாயக்காரர் சந்தில் இருந்தவை. சவரிராயன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு, படுக்கையில் புரண்டு படுத்திருக்கும் ஒருவரை எழுப்பாமல் சுற்றிக்கொண்டு போகிறவரைப் போல, சுவரோரமாக மெதுவாக நடந்து சந்துக்குள் போனார். படிகள் அங்கே இருந்தன. பதினொன்றும் இருந்தன. ஏறிப்போய்ச் சாவியைப் போட்டார். பூட்டு என்றைக்கும் போல் ஒருமுறை முரண்டுபிடித்து, பிறகு திறந்துகொண்டது.

வலேனி, பிரான்ஸின் நடுப்பகுதியில், ரயில்கள் ஒரு நிமிடம் மட்டும் நின்றுவிட்டுப் போகும் ஊர். இருநூறு வருடங்களுக்கு முன்னால் கோயிலைக் கட்டியவர்களுக்குப் பழைய கிரேக்கக் கட்டடங்கள் மேல் மோகம் இருந்தது. கூர்க் கோபுரம் வேண்டாம், வண்ணக் கண்ணாடி வேண்டாம், தூணும் படியும் நேர்கோடும் போதும் என்று கட்டிவிட்டார்கள். அதனால் வெளியூர் வழக்குக்காரர்கள் அதைக் கோர்ட்டு என்று நினைத்துக் கையில் காகிதங்களோடு படியேறி, உள்ளே எரியும் மெழுகுவர்த்திகளைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு திரும்பி இறங்குவது உண்டு. முகப்பு சதுக்கத்தைப் பார்த்து இருந்தது. சதுக்கத்தில் மேயர் அலுவலகம், மருந்துக்கடை, மதாம் ஒர்தான்ஸின் காபிக்கடை, பெரிய மாடி வீடுகள். பின்புறத்துச் சந்தில், ஒரு காலத்தில் துணிக்குச் சாயம் போட்டவர்களின் தாழ்ந்த வீடுகள் ஆற்றோரமாக வரிசையாக நின்றன. அங்கிருந்தவர்கள், கையில் ஒட்டிய சாயம் தீர்த்தத் தொட்டியைக் கறைப்படுத்திவிடும் என்று, அந்த இரும்புக் கதவு வழியாகத்தான் கோயிலுக்குள் வர வேண்டுமென்று அந்நாளில் ஒரு வழக்கம் இருந்தது. சாயம் போடுவது நின்று நூறு வருடமாகியும் சந்துக்காரர்கள் அந்தக் கதவு வழியாகவே வந்துகொண்டிருந்தார்கள். யாரும் சொல்லி அல்ல, கால் பழகிவிட்டதால்.

அன்றைக்குக் காலையில் கடையின் பலகைகளைத் திறந்த ஒர்தான்ஸ், எதிரே தூண்களுக்குப் பதிலாகக் குழாயைப் பார்த்து, "இதை யாராவது கழுவியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, வாளியும் தூரிகையும் கொண்டுவந்து தானே கழுவத் தொடங்கினாள். மருந்துக்கடைக்காரர் மேயருக்குத் தொலைபேசியில் சொன்னார். மேயர் வந்து பார்த்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும்" என்றார். சாயங்காலம் மழை பெய்தது. மறுநாளும் கோயில் சந்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றது.

சந்தில் புதன்கிழமைக்குள் கோயில் பழகிப்போயிருந்தது. ஆறு தூண்களில் முதல் இரண்டுக்கும் நடுவே ஒரு துணிக்கொடி கட்டப்பட்டது, ஏனென்றால் படிகள் வந்து நின்ற இடத்தில்தான் முன்பு துணி உலர்த்தும் கொடிக்கம்பங்கள் இருந்தன, துணிகளும் உலர வேண்டியிருந்தது. சந்து ஆறடிதானே, பதினோரு படி எப்படி அடங்கியது என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. கடைசிப் படிக்கும் வீட்டு வாசல்களுக்கும் நடுவே ஒரு ஆள் எட்டி வைக்கும் தூரம் இருந்தது, அது போதுமாக இருந்தது. பெண்கள் படிகளில் உட்கார்ந்து பட்டாணி உரித்தார்கள். சைக்கிள் பழுதுபார்ப்பவர் ஒரு தூணின் அடியில் தன் பெட்டியை வைத்தார். குழந்தைகள், கோயில் ஒரு பக்கமாகவே படுத்துப் படுத்து வலித்துப்போய் இந்தப் பக்கம் புரண்டுவிட்டது என்றார்கள். மருந்துக்கடைக்காரர் பூமிக்கடியில் ஓடும் தண்ணீர்தான் காரணம் என்றார். சந்துக்காரர்கள் காரணமே கேட்கவில்லை. வரவேண்டிய விருந்தாளி கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறார், அவ்வளவுதான் என்பது போல நடந்துகொண்டார்கள்.

பங்குச் சாமியார் பெர்த்ரான் எழுபது வயதுக்காரர், எதற்கும் குரல் உயர்த்தாதவர். அவர் சவரிராயனிடம் கேட்டார்: "உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?"

"எங்க ஊருக்கு வடக்கே ஒரு சிவன் கோயில் இருக்கிறது, சாமி. அதில் நந்தி ஒரு பக்கமாக விலகி உட்கார்ந்திருக்கும். வெளியே நின்ற ஒரு ஆளுக்கு வழிவிட்டு விலகியதாம். அதை யாரும் திரும்ப நகர்த்தச் சொன்னதில்லை."

சாமியார் அதை யோசித்தபடி உள்ளே போனார். பெரிய வியாழன் பூசைக்கு எல்லோரும் சந்து வழியாகவே வந்தார்கள், சதுக்கத்துக்காரர்கள் குடைகளை மடக்கி உடம்பைச் சுருக்கிக்கொண்டு, சந்துக்காரர்கள் முதன்முறையாகப் பெரிய கதவு வழியாக.

சவரிராயனும் அவர் மனைவி அமலோற்பவமும் காரைக்காலிலிருந்து வந்தவர்கள். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருடம் சமையல் செய்தவர். பட்டாளம் முடிந்ததும் வலேனியின் டயர் ஆலையில் வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டார்கள். ஒரே மகன் பெலிக்ஸ். அவன் கூரை வேலை கற்றான். ஒன்பது வருடங்களுக்கு முன்னால் ஒரு அக்டோபர் மாதக் காலையில், கோயிலின் கல் நெற்றியில் ஈயத் தகடு மாற்றிக்கொண்டிருந்தவன் ஈரத்தில் வழுக்கிப் படிகளில் விழுந்து, ஆம்புலன்ஸ் வருவதற்குள் இறந்துபோனான். அவனுக்கு இருபத்திரண்டு வயது. செய்தி வந்தபோது அமலோற்பவம் அழவில்லை. "இனிமே செத்தாலும் அந்தக் கோயில் முகத்துல முழிக்க மாட்டேன்" என்றாள்.

சொன்னதை அப்படியே செய்தாள். அடக்கப் பூசைக்கு வரவில்லை, கல்லறைத் தோட்டத்து வாசலில் காத்திருந்தாள். அவர்கள் குடியிருந்த மாடியிலிருந்து முகப்பு தெரிந்தது. பாலத்திலிருந்து தெரிந்தது, ரயில் நிலையத்திலிருந்து தெரிந்தது, மேட்டுத் திராட்சைத் தோட்டங்களில் நின்றாலும் வெள்ளையாகத் தெரிந்தது. ஊரில் அது தெரியாத இடம் ஒன்றே ஒன்று, கோயிலின் முதுகுக்குப் பின்னாலிருந்த சாயக்காரர் சந்து. அங்கே வீடு பார்க்கச் சொன்னாள். அந்த வீட்டுக்குப் பின்பக்கம் சுவரைத் தொட்டுக்கொண்டு ஆறு ஓடியது, வாசல் சந்தைப் பார்த்த ஒன்றுதான். ஒன்பது வருடம் அவள் சதுக்கத்தை மிதிக்கவில்லை. சந்தின் கோடியிலிருந்த மரப்பாலம் வழியாக அக்கரைக்குப் போய், அங்கே பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்து, அக்கரையிலேயே காய்கறியும் மீனும் வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி திரும்பி வருவாள்.

ஆலை மூடியபோது சவரிராயன் போய்ச் சாமியாரிடம் கோயில்பிள்ளை வேலை கேட்டார். விளக்கேற்றுவது, மணியடிப்பது, படிகளைக் கூட்டுவது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் தட்டில் சோறு போட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் பெலிக்ஸ் என்ற பெயரை இருவரும் சொல்லவில்லை.

இப்போது அந்த முகம் அவள் ஜன்னலுக்கு நேராக வந்து நின்றது. செவ்வாய்க்கிழமை காலை ஜன்னலைத் திறந்தவள், தட்டாமல் வீட்டுக்குள் வந்துவிட்ட ஒருவரைப் பார்த்ததுபோலப் பார்த்தாள். மூடினாள். பெட்டியிலிருந்து கனத்த கம்பளி ஒன்றை எடுத்து ஜன்னலில் ஆணியடித்து மாட்டினாள். சவரிராயன் வீட்டுக்கு வந்தபோது பகலிலேயே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்."

"நான் ஒண்ணும் செய்யல, அமலோ."

"நீங்க செஞ்சீங்கன்னு யாரு சொன்னா? சோறு ஆறுது, சாப்புடுங்க."

வாசலைத் திறந்தால் படிதான். அதனால் அவள் வாசலைத் திறக்கவில்லை. வேலைக்குப் போகவில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினாள். பக்கத்து வீட்டு ஜோசெத், சந்திலேயே பிறந்து சந்திலேயே கிழவியானவள், ரொட்டியும் பாலும் வாங்கிவந்து கதவிடுக்கில் நீட்டுவாள். நீட்டும்போது செய்தியும் சொல்வாள், வெளியே நடப்பதையெல்லாம் ஒரு வரி விடாமல்.

அப்படித்தான் அமலோற்பவம் அந்த வசந்தத்தைக் கதவிடுக்கு வழியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். காலைப் பூசையில் இப்போது வெயில் பெரிய கதவு வழியாக நேரே வந்து பெர்த்ரான் சாமியின் கண்ணில் குத்துகிறது என்பதையும், அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பூசை வைக்கிறார் என்பதையும், கடைசி பெஞ்சில் உட்காருகிறவர்களின் நிழல்தான் எல்லோருக்கும் முன்னால் பீடத்தைப் போய்த் தொடுகிறது என்பதையும் கேட்டாள். பாஸ்கா என்ற உயிர்ப்புத் திருநாள் முடிந்த சனிக்கிழமை முதல் கல்யாணம் நடந்ததாம். பெண்ணின் அம்மா கொடியில் கிடந்த உள்ளாடைகளை எடுக்கச் சொல்லி அழுதாளாம். படம் பிடிக்க வந்தவன், அவை இருக்கட்டும், காற்றில் நன்றாக ஆடுகின்றன என்றானாம். அடுத்த வாரத்துப் பெண் வீட்டார் தாங்களே இரண்டு போர்வை கொண்டுவந்து கொடியில் போட்டார்களாம். சவ வண்டி சந்துக்குள் நுழையாது என்பதால் பெட்டிகளைத் தோளில் சுமக்க வேண்டியிருக்கிறதாம். இருபது வருடமாகப் பேசாத மருந்துக்கடைக்காரரும் சைக்கிள்காரரும் உயரம் ஒன்றாக இருந்ததால் ஒரே பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்க நேர்ந்து, நாற்பதடி தூரம் தோளோடு தோள் உரச நடந்தார்களாம். இறக்கி வைத்த பிறகு ஒருவருக்கொருவர் தோளைத் தட்டிவிட்டார்களாம், தூசிதான் என்று.

புறாக்களுக்கு மட்டும் புரியவில்லை. அவை நெடுநாள் சதுக்கத்துப் பக்கமே வந்து, இல்லாத நெற்றியின் உயரத்தில் வட்டமடித்து, உட்கார இடமின்றிக் காற்றில் நடந்துகொண்டிருந்தன.

பழைய கட்டடங்களைப் பார்க்கும் அரசு அலுவலகம் ஒன்றிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தாள். இரண்டு நாள் அளந்தாள். ஒரு கல்லும் பெயரவில்லை, ஒரு விரிசலும் இல்லை. தன் தாளில், "கட்டடம் நல்ல நிலையில் உள்ளது, திசை மாறியுள்ளது" என்று எழுதிக் கையெழுத்திட்டு, மதிய ரயிலில் போய்விட்டாள்.

சதுக்கத்துக்காரர்களுக்குப் பொறுமை தீர்ந்தது. ஜன்னலைத் திறந்தால் குழாய் தெரிகிறது; தபால் அட்டைகளில் இருக்கும் ஊரைத் தேடி வருகிறவர்கள் சுவரைப் பார்த்துவிட்டு, ஊர் மாறி வந்துவிட்டோமா என்று கேட்கிறார்கள். கோயிலைப் பழையபடி திரும்பச் சொல்லி ஒரு மனு எழுதுவதென்று முடிவாயிற்று. யாருக்கு எழுதுவது என்பதில்தான் சிக்கல். ஆயர் இல்லத்தில் கேட்டபோது, கோயில் கட்டடம் சட்டப்படி ஊருக்குச் சொந்தம், எங்களுக்கு அதில் அதிகாரமில்லை என்றார்கள். மாவட்ட அலுவலகத்தில் கேட்டபோது, கோயில் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது மதம் சார்ந்தது, அரசு தலையிடாது என்றார்கள். கடைசியில் மேயர், கோயிலுக்கே எழுதிவிடலாம் என்றார். ஆண்டவர் விண்ணேறிய திருநாளன்று ஊரே பவனியாகப் போய், படிகளின் முன்னால் நின்று அதைப் படித்துக் காட்டுவதென்று ஏற்பாடாயிற்று.

மனுவில் சந்திலிருந்து யாரும் கையெழுத்திடவில்லை, ஒருவரைத் தவிர. சவரிராயன் மேயர் அலுவலகத்துக்குப் போய், தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மாலைக்குள் சந்துக்குத் தெரிந்துவிட்டது. சைக்கிள்காரர் அவருக்கு வணக்கம் சொல்லவில்லை. கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அவர் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். மறுநாள் ஜோசெத் ரொட்டியை நீட்டினாள், செய்தி எதுவும் சொல்லாமல் திரும்பினாள்.

"ஜோசெத், என்ன?" என்றாள் அமலோற்பவம்.

"எங்களுக்கு இருநூறு வருடம் முதுகுதான் கிடைத்தது, மதாம். நாற்பது நாள்தான் முகம். அதையும் திருப்பி அனுப்பச் சொல்லி உங்கள் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்." கிழவி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "என் அம்மா கல்யாணத்தன்றைக்குக்கூட அந்த இரும்புக் கதவு வழியாகத்தான் உள்ளே போனாள். அவள் இதைப் பார்க்கவில்லையே என்று தினமும் நினைக்கிறேன்."

அன்று சாயங்காலம் சவரிராயன் வந்து செருப்பைக் கழற்றும்போதே அவள் கேட்டாள்.

"கையெழுத்துப் போட்டீங்களா?"

"போட்டேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? நாப்பது நாளா வெளிச்சம் பாக்காம கிடக்குற. கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு. அது பழையபடி திரும்பிட்டா நீ வாசலுக்கு வருவ. உனக்காகத்தான் போட்டேன்."

"நான் கேட்டேனா உங்கள?"

"நீ எதத்தான் கேட்ட, அமலோ? ஒம்போது வருஷத்துல நீ எதத்தான் கேட்ட?"

அவள் கையிலிருந்த கரண்டியை அடுப்பு மேடையில் வைத்தாள். குரல் உயரவில்லை, ஆனால் வீடு சின்னதாகிவிட்டது போல இருந்தது.

"அவன் விழுந்த படிய தினம் கூட்டிட்டு வந்து, அந்தக் கையோட என்கிட்ட சோறு வாங்கித் தின்னீங்க. நான் போட்டேன். அதுக்கு மேல என்ன கேக்கணும்? புள்ளையக் கொன்னதுக்குப் போய் வேலக்காரனா நின்னீங்க. நான் ஒரு வார்த்த சொன்னேனா?"

சவரிராயன் நாற்காலியில் உட்கார்ந்தார். தன் கைகளைப் பார்த்தார்.

"நான் கூட்டலன்னா வேற ஒருத்தன் கூட்டுவான்" என்றார். "அவனுக்கு அது வெறும் படி."

அவள் மீன் குழம்பை இறக்கி வைத்தாள். சாப்பிட்டார்கள். அவர் தட்டைக் கழுவி வைத்தார்.

மறுநாள், திருநாளுக்கு முந்திய நாள், அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இறங்கியதும் அமலோற்பவம் ஜன்னலண்டை போய் நின்றாள். கம்பளியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு ஆள் முங்குவதற்கு முன்னால் மூச்சிழுப்பதைப் போல இழுத்து, விரற்கடை அளவு விலக்கினாள்.

முதலில் வெளிச்சம்தான் தெரிந்தது. பிறகு தூண்கள், அவற்றில் பட்டுத் தெறித்த காலை வெயில், கொடியில் ஆடிய யாருடைய கால்சட்டையோ. அப்புறம் அவள் புருஷன். மேல் படியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார், பட்டாளத்தில் கற்ற நேர்த்தியோடு, மூலையில் ஒரு சருகு விடாமல். ஒன்று, இரண்டு, மூன்று என்று இறங்கி ஏழாவது படிக்கு வந்தபோது துடைப்பத்தைத் தூணில் சாய்த்து வைத்தார். கைக்குட்டையை எடுத்தார். முழங்கால் வலியால் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, அந்தப் படியை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை கைக்குட்டையால் துடைத்தார், குழந்தைக்கு முகம் துடைப்பது போல, அவசரப்படாமல். துடைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவர் உதடு அசைந்தது.

அமலோற்பவம் ஜன்னல் கொக்கியைத் தூக்கினாள்.

"...இந்த மழையில தண்ணி ஏறிடுச்சு, மரப்பாலத்துக்கு ஒரு சாண்தான் பாக்கி" என்று சொல்லிக்கொண்டிருந்தார் சவரிராயன், படியைப் பார்த்து, தமிழில், சாதாரணமாக. "சைக்கிள்காரரு நம்மகூடப் பேசுறதில்ல. போட்டும். உங்கம்மா நேத்து மீன் கொழம்பு வச்சா. சண்ட போட்டுக்கிட்டே வச்சாளா, உப்பு கொஞ்சம் தூக்கல். நான் ஒண்ணும் சொல்லல, தின்னுட்டேன். அவ உள்ளயே கிடக்குறாப்பா. நான் சொன்னா எங்க கேக்குறா..."

"உப்பு ஒண்ணும் தூக்கல் இல்ல" என்றாள் அமலோற்பவம்.

சவரிராயன் நிமிர்ந்து பார்த்தார். ஜன்னல் முழுதும் திறந்திருந்தது. நாற்பது நாள் இருட்டிலிருந்த முகம் வெயிலில் கூசிச் சுருங்கியிருந்தது, ஆனாலும் உள்ளே போகவில்லை. கோயிலை அல்ல, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இல்ல" என்றார் அவர். "சரியாத்தான் இருந்துச்சு."

ஆணியிலிருந்து கம்பளி அவிழும் சத்தம் கேட்டது. வீட்டுக்குள் காலடி கேட்டது. வாசல் திறந்தது. அவள் ஓர் எட்டு வைத்து முதல் படியில் கால் ஊன்றி, கீழிருந்து எண்ணி ஏறி, துடைத்த படியில் அவருக்குப் பக்கத்தில், அந்த இடத்தைத் தவிர்த்துவிட்டு உட்கார்ந்தாள். கையால் கல்லைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்து, ஈரமாக, கல்லாகவே இருந்தது. அவர் அவளுக்குக் கைக்குட்டையை நீட்டினார். பக்கத்து வீட்டு ஜன்னலில் ஜோசெத் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஜன்னல் கண்ணாடியில் இல்லாத அழுக்கைத் துடைக்க ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை பவனி வந்தது. மணியடித்ததும் சதுக்கத்திலிருந்து கிளம்பி, கோயிலின் மொட்டை முதுகைச் சுற்றிக்கொண்டு, சந்துக்குள் இருவர் இருவராக நுழைந்தது: முன்னால் சிலுவை, பின்னால் கறுப்புக் கண்ணாடியோடு பெர்த்ரான் சாமி, அவருக்குப் பின்னால் மூவர்ணப் பட்டை அணிந்த மேயர், கையில் மனு, பிறகு மெழுகுவர்த்திகள் ஏந்திய சதுக்கத்து மனிதர்கள். சந்துக்காரர்கள் வாசல்களில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். யாரும் பாடவில்லை. நேற்றுவரை ஒன்றாகப் பெட்டி தூக்கியவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். கைகலப்பு வருமோ என்று சாமியாருக்கே பயம் இருந்தது.

ஏழாவது படியில் அமலோற்பவம் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பாத்திரம், அதில் நார் உரிக்க வேண்டிய பீன்ஸ். அவளை எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சவரிராயன் மேலே கதவருகே சாவியோடு நின்றார்.

மேயர் தொண்டையைச் செருமிக்கொண்டு மனுவை விரித்த நேரத்தில், வரிசையிலிருந்து காபிக்கடை ஒர்தான்ஸ் விலகி வந்தாள். கனத்த பெண், மெழுகுவர்த்தியை இரு கையாலும் பிடித்திருந்தாள். படிகளில் ஏறி அமலோற்பவத்துக்கு இரண்டு படி கீழே நின்றாள்.

"மதாம், நீங்கள்தான் அம்மாவா?"

"ஆமாம்."

"அன்றைக்கு நான்தான் முதலில் ஓடிவந்தேன். என் கடையிலிருந்து இருபது எட்டு. மேசைத் துணியை மடித்துத் தலைக்குக் கீழே வைத்தேன். தினமும் காலையில் என் கடைக்கு வருகிற பையன், மதாம். ஆம்புலன்ஸ் வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்." மெழுகு அவள் விரலில் வழிந்தது, அவள் கவனிக்கவில்லை. "அவன் ஒரு வார்த்தை சொன்னான். இரண்டு முறை சொன்னான். எனக்குப் புரியவில்லை. போலீஸ்காரரிடம் சொன்னேன், அவர் எழுதிக்கொள்ளவில்லை. ஒரு பெண்ணின் பெயர் என்று நினைத்து ஊரெல்லாம் விசாரித்தேன். அப்படி யாருமில்லை. பிறகு உங்கள் நாட்டுப் புனிதை யாரோ என்று நினைத்துக்கொண்டேன். கடையை மூடும்போது அந்தப் பெயரைச் சொல்லித்தான் வேண்டிக்கொள்வேன், ஒன்பது வருடமாக. உங்களிடம் கேட்கலாம் என்றால் நீங்கள் சதுக்கத்துக்கு வரவில்லை. சந்துக்கு வர எனக்குத் துணிச்சல் வரவில்லை."

"என்ன சொன்னான்?"

ஒர்தான்ஸ் கண்ணை மூடிக்கொண்டு, தினமும் சொல்லித் தேய்ந்த ஜெபத்தைச் சொல்வது போல, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்:

"அமாத்தா சொலாதா."

அமலோற்பவத்தின் விரல்களில் ஒரு பீன்ஸ் பாதி உரித்தபடி நின்றது. அந்நிய நாக்கில் ஒன்பது வருடம் கிடந்து உருண்டுபோன அந்தச் சொல் அவள் காதுக்குள் போய், திரும்பி, தன் பழைய வடிவத்துக்கு வந்தது. அம்மாட்ட சொல்லாத. உயரத்தில் ஏறமாட்டேன், கீழே நின்று தகடு எடுத்துக் கொடுப்பதோடு சரி என்று வேலையில் சேர்ந்த அன்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். மூன்று வயதில் கண்ணாடி உடைத்த நாளிலிருந்து, அப்பாவிடம் ஓடிப்போய்க் காதில் சொல்லும் வார்த்தைதான் அது.

மேலே சவரிராயன் தூணைப் பிடித்துக்கொண்டார்.

அமலோற்பவத்தின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கண்ணிலிருந்து நீரும் வந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது சிரிப்பு, அடிவயிற்றிலிருந்து கிளம்பி, துருப்பிடித்த பூட்டு போல இடறி இடறி வந்து, பிறகு அடக்க முடியாமல் தூண்களில் மோதி எதிரொலித்த சிரிப்பு. சாமியார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஜெபமா, மதாம்?" என்றாள் ஒர்தான்ஸ் பயந்துபோய்.

"இல்லை." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மாவிடம் சொல்லாதே என்று அர்த்தம்."

ஒர்தான்ஸ் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கடவுளே" என்றாள். "சொல்லிவிட்டேனே."

மேயர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், படிகளைப் பார்த்தார், சாமியாரைப் பார்த்தார். பிறகு அதை நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, நிற்க இடமில்லாததால் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்தார். ஜோசெத் வாசலைவிட்டு வந்து, இடம் பார்த்து, அவர்களுக்கு நடுவே உட்கார்ந்தாள். பவனி கலைந்து படிகளெல்லாம் நிறைந்தது.

அமலோற்பவம் பாத்திரத்தை எடுத்து மறுபக்கம் வைத்துவிட்டு, நகர்ந்து இடம் விட்டாள்.

"உட்காருங்கள், மதாம்" என்றாள். "தினமும் உங்கள் கடைக்கு வந்தானென்றீர்களே. வேறு என்னவெல்லாம் என்னிடம் மறைத்தான்? ஒன்று விடாமல் சொல்லுங்கள்."

ஒர்தான்ஸ் மேலே நின்ற சவரிராயனை ஒருமுறை பார்த்தாள். அவர் தலையசைத்தார். மெழுகுவர்த்தியைப் படியில் சொட்டவிட்டு அதில் ஊன்றி நிறுத்திவிட்டு, பாவாடையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்து, அவள் சிகரெட்டிலிருந்து ஆரம்பித்தாள்.